படிக்கட்டில் ஒரு திருப்பம்

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன குட்டி, அதன்பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

“ஒரு வருஷம் வீட்டுல உக்காந்திருந்த மனுஷனுக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு. அதுக்கும் நீங்கதான் உலை வைக்கணுமா, அண்ணி?” என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள். அண்ணி பதில் சொல்லவில்லை. விசாரணையில் இருக்கும் விஷயத்தை வீட்டில் பேச அவளுக்கு அனுமதி இல்லை. கத்தியிருந்தால்கூடக் குட்டிக்கு ஆறியிருக்கும். அந்த மௌனம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

விஷயம் இதுதான். அரசாங்கக் கொள்முதல் துறையில் அண்ணி முதுநிலை ஆய்வாளர். லிஃப்ட் நின்றுபோனாலோ தீப்பிடித்தாலோ, நடக்க முடியாத நோயாளியை உட்கார வைத்துப் படிவழியே கீழே இறக்குவதற்கு ஒரு நாற்காலி உண்டு. அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் அதை வாங்க டெண்டர் விட்டு, வந்த கம்பெனிகளின் நாற்காலிகளையெல்லாம் நிஜப் படிக்கட்டில் இறக்கிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தது அவள் குழு. தோற்ற கம்பெனிகளில் ஒன்று, ‘எங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது’ என்று முறையீட்டுக் குழுவுக்குப் போயிற்று.

அந்தக் கம்பெனியில், எல்லாம் முடிந்த பிறகு, பயிற்சியாளராகச் சேர்ந்தவர்தான் குட்டியின் கணவர். வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. முறையீடு தோற்றால் அவர் வேலையும் போய்விடும் என்பது குட்டியின் பயம்.

அவர் வேலையில் சேர்ந்த அன்றே அண்ணி தன் டைரக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். “உங்க முடிவு அதுக்கு முன்னாடியே வந்தாச்சே. விசாரணையில நீங்கதான் பதில் சொல்லணும். வேற யாருக்குத் தெரியும்?” என்றார் டைரக்டர்.

இன்று அந்த விசாரணை.

காலையில் அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வீட்டில் இருக்கும் ஒரே காரும் அந்த ஸ்கூல் கார்தான். தலைமேல் பலகை, பயிற்சியாளர் பக்கத்திலும் ஒரு பிரேக்.

“ஆபீசர் ரெடியா? உங்களை இறக்கிவிட்டுட்டு, நானும் உள்ள வந்து உக்காரப் போறேன். யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாமாமே?”

“வந்து என்ன பண்ணப் போறீங்க? தூங்குவீங்க.”

“தூங்கினா என்ன? இருபது வருஷமா நீ என்ன வேலை பார்க்கிறேன்னு யாராவது கேட்டா, அரசாங்கத்துக்குச் சாமான் வாங்குற வேலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். சந்தையில பேரம் பேசுற மாதிரியான்னு கேக்கிறாங்க. இன்னிக்காவது தெரிஞ்சுக்கிறேன்.” துணியை உதறிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சேர்த்துச் சொன்னார்: “குட்டியும் வரேன்னு சொல்லியிருக்கா. வழியில ஏத்திக்கணும்.”

அண்ணி கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “எனக்காகவா வரா?”

“மாப்பிள்ளைக்காக. அவருக்கு அங்க பேச வேண்டியிருக்காம். கம்பெனி வேன்ல முன்னாடியே போயிட்டார்.”

குட்டி தெருமுனையில் நின்றிருந்தாள். பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். “வா” என்றாள் அண்ணி. “ம்” என்றாள் குட்டி. அதோடு சரி. அண்ணன்தான் இரண்டு பேருக்கும் நடுவில், முன்னால் போகிற லாரியைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

அரசுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நீளமான ஹால். மேடைபோல உயர்ந்த மேசையில் முறையீட்டுக் குழுவினர் மூவர்: நடுவில், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் அதற்கு மேலாகப் பார்க்கிற, ஓய்வுபெற்ற நீதிபதியான தலைவி, ஒரு பக்கம் இன்ஜினியர், மறுபக்கம் கணக்காளர். கம்பெனியின் மேனேஜர் தங்கள் நாற்காலியையே கொண்டுவந்து எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தியிருந்தார். சிவப்பு இருக்கை, முதுகுப் பக்கம் ரப்பர் பட்டைகள், பளபளவென்று கைப்பிடி. அதன் பக்கத்தில், கம்பெனிச் சட்டையில் மாப்பிள்ளை.

குட்டி அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

அண்ணி எழுந்து தன் பதவியைச் சொன்னாள். யாரும் கேட்பதற்கு முன்பே, “ஒண்ணு சொல்லிடறேன். அங்க நிக்கிற பயிற்சியாளர் என் நாத்தனார் வீட்டுக்காரர். எங்க சோதனை முடிஞ்ச பிறகுதான் அந்தக் கம்பெனியில சேர்ந்தார். நல்ல வேலைக்காரர்” என்றாள்.

குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணி வாயிலிருந்து கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் எதிர்பார்க்கவில்லை.

கம்பெனி வக்கீலுக்குத் தேன் குரல். “மேடம், உங்களுக்கு ஆபீஸ்ல ‘கேள்வி மேடம்’னு பேராமே?”

“எனக்குக் கேக்கிற மாதிரி யாரும் கூப்பிட்டதில்ல.”

ஹாலில் சிரிப்பு. அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம், “வீட்டுலயும் அதே பேர்தான்” என்று முணுமுணுத்தார்.

“இன்னிக்குக் கேள்வி என்னோடது. எங்க நாற்காலியைத் தள்ளினதுக்கு நீங்க எழுதின காரணம், திருப்பத்துல பட்டையை மடக்கிப் போடற பூட்டு இருக்கைக்குக் கீழ இருக்குங்கிறது. ஜெயிச்சவங்க நாற்காலியில பூட்டு கைப்பிடியிலயே இருக்கு. அப்படித்தான் வேணும்னா, டெண்டர்லயே எழுதியிருக்கலாமே? ஒளிச்சு வைச்சுட்டு அப்புறம் மார்க் குறைச்சா எப்படி?”

“பூட்டு கைப்பிடியில இருக்கணும்னு எழுதினா, அப்படிச் செய்யற ஒரே கம்பெனிதான் வர முடியும். அப்ப நீங்களே வந்து, அவங்களுக்காகவே எழுதினேன்னு சொல்லியிருப்பீங்க.” அண்ணியின் குரல் உயரவே இல்லை. “என்ன வேலை நடக்கணும்னுதான் நாங்க எழுதுவோம். வார்டுல வேலை பார்க்கிற எந்த ரெண்டு பேரும், ஆணோ பெண்ணோ, கொஞ்ச நேரம் கத்துக்கிட்டா நோயாளியை நழுவ விடாம இறக்கணும். அவ்வளவுதான். அதுக்குப் பூட்டை எங்க வைக்கிறதுங்கிறது உங்க சாமர்த்தியம். கீழ வைச்சாலும் சரி, கூரையில வைச்சாலும் சரி, ஆள் நழுவக் கூடாது.”

“எந்த ரெண்டு பேரும்னு யார் முடிவு பண்ணினது?”

“ஆஸ்பத்திரிதான். நான் போய் வார்டுகள்ல நின்னு பார்த்தேன். டியூட்டியில இருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல பெண்கள். பயில்வான் வரட்டும்னு நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?”

இன்ஜினியர் எதையோ குறித்துக்கொண்டார். அண்ணன் தூங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்திருந்தார்.

வக்கீல் காகிதங்களைக் கீழே வைத்தார். அவருடைய துருப்புச் சீட்டை இனிமேல்தான் இறக்கப்போகிறார் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

“சோதனை நடந்த அன்னிக்கு எங்களோட பழைய பயிற்சியாளர் வழியில மாட்டிக்கிட்டார். உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னாரா?”

“சொன்னார்.”

“காத்திருந்தீங்களா?”

“இல்ல. உங்க விற்பனை ஆள் ஒருத்தர் இருந்தார். அவரையே சொல்லிக்கொடுக்கச் சொன்னோம்.”

“அதே நாள் காலைல, வேற ஒரு கம்பெனிக்காரர் தாமதமா வந்தார். அவருக்காக?”

அண்ணி டைரக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டர் தொண்டையைச் செருமினார். பதில் தயாராகத்தான் இருந்தது. காலையில் படிக்கட்டு காலியாக இருந்தது. மத்தியானம் ஆபரேஷன் முடிந்தவர்களைக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவமனை அவசரப்படுத்தியது. உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று அண்ணி மருத்துவமனையிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுவும் உண்மைதான்.

“அவருக்காகக் காத்திருந்தேன்” என்றாள். “உங்களுக்காகக் காத்திருக்கல. ஆஸ்பத்திரி அவசரப்படுத்தினாங்க. ஆனா நான் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு.”

வக்கீல் கீழே வைத்த காகிதங்களை மறுபடி எடுத்தார். இதை அவளிடமிருந்து பிடுங்கி எடுக்க இன்னும் நாலைந்து கேள்விகள் வைத்திருந்தார். தானாகவே கையில் வந்து விழுந்ததை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

குட்டி அண்ணன் காதில், “என்னண்ணா, இவங்களே ஒத்துக்கிட்டாங்க?” என்றாள்.

“நடந்ததை நடந்ததுன்னு சொல்றா. நீ சும்மா பாரு.”

“அப்போ இந்தத் தேர்வே செல்லாது” என்று வக்கீல் ஆரம்பித்தார்.

“தப்பைத் திருத்த வழி இருக்குங்க” என்றாள் அண்ணி, தலைவியைப் பார்த்து. “அன்னிக்கு இல்லாதது பயிற்சியாளர் ஒருத்தர்தான். இன்னிக்கு வந்திருக்கார். நாற்காலியும் இங்கயே இருக்கு. இந்தக் கட்டடத்துப் படி கிட்டத்தட்ட நாங்க சோதிச்ச ஆஸ்பத்திரிப் படி மாதிரியேதான், மாடிக்கு மாடி திருப்பம். எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கட்டும். உங்க கண்ணாலயே பாருங்க. நல்லபடியா இறங்கினா நானே மறு டெண்டருக்குச் சம்மதிக்கிறேன்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா?” என்று டைரக்டர் பல்லைக் கடித்தார். காரணம் இல்லாமல் இல்லை. நாற்காலி இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மருத்துவமனைகள் இன்னும் எத்தனை காலம் வெறும் ஸ்ட்ரெச்சரோடு மல்லுக்கட்டுமோ தெரியாது. அண்ணியின் பேரும் கெடும்.

தலைவி கண்ணாடிக்கு மேலாக மேனேஜரைப் பார்த்தார். “உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?”

மேனேஜர் எப்படி ஆட்சேபிப்பார்? இதைத்தானே கேட்டு வந்திருக்கிறார்? “தாராளமா!” என்றார்.

எல்லாரும் எழுந்து படிக்கட்டுக்குப் போனார்கள். தூக்குகிற ஆட்களைத் தலைவியே தேர்ந்தெடுத்தார்: வாட்டசாட்டமான லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர், வரவேற்பு மேசையில் உட்காரும் ஒல்லியான பெண் ஒருத்தி.

“லிஃப்ட் நல்லாத்தானேம்மா ஓடுது? எதுக்கு இந்தக் கஷ்டம்?” என்று லிஃப்ட் ஆபரேட்டர் மனத்தாங்கலோடு கேட்டார். தன் தொழிலையே யாரோ குறைசொல்லிவிட்டது போல அவருக்கு.

மாப்பிள்ளை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

குட்டி மேல் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் பேசத் தெரியாத மனிதர். இங்கே வார்த்தை தட்டுத் தடங்கலில்லாமல் வந்தது.

“பின்னாடி நிக்கிறவங்க சாயணும், இழுக்கக் கூடாது. உங்க எடையே போதும், தெம்பு காட்ட வேண்டாம். முன்னாடி இருக்கிறவர் தள்ள வேண்டாம், வழி மட்டும் காட்டுங்க. நோயாளிகிட்டப் பேசிக்கிட்டே வாங்க. பயம் போயிட்டா பாதி எடை குறையும்.” அந்தப் பெண் தவறாகப் பிடித்தபோது அதட்டவில்லை. தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காலி நாற்காலியைப் பல தடவை ஏற்றி இறக்கச் செய்தார். லிஃப்ட் ஆபரேட்டர்கூட வருத்தத்தை மறந்து, “இது நல்ல வித்தையா இருக்கே” என்று சிரித்தார்.

குட்டி இன்னும் ஒரு படி கீழே இறங்கி நின்று பார்த்தாள்.

“சரி. யாரை உட்கார வைக்கப் போறோம்?” என்றார் இன்ஜினியர். “எடைக்கு மணல் மூட்டை இருந்தா நல்லது.”

மணல் மூட்டைக்கு எங்கே போவது? தலைவி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் திடீரென்று செல்போனில் ஏதோ அவசரம் வந்ததுபோல அதைத் தடவினார். வக்கீல் ஒரு படி பின்வாங்கினார்.

“நான் உக்கார்றேன்” என்றாள் அண்ணி.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “நான் வேணா...” என்று ஆரம்பித்தார்.

“உங்க எடைக்கு அந்தப் பொண்ணு பாவம்” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, அவரும் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார். கை மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளை குனிந்து அவளுக்குப் பெல்ட் மாட்டினார். “அக்கா, வேண்டாமே” என்றார் மெதுவாக.

“ஏன் தம்பி? நீங்க சொல்லிக்கொடுத்ததுல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

“அதுல இருக்கு” என்றார். எதில் இல்லை என்று சொல்லவில்லை.

முதலில் பின்னால் லிஃப்ட் ஆபரேட்டர். நாற்காலி சரசரவென்று பட்டைகளில் வழுக்கி, ஒவ்வொரு படியாக இறங்கியது. திருப்பம் வந்தது. அங்கேதான் பட்டையை மடக்கிப் பூட்டிச் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். பூட்டு இருக்கைக்குக் கீழே. அவர் ஒரு கையால் கைப்பிடியை அனாயாசமாகப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கீழே விட்டு, டக்கென்று பூட்டினார். நாற்காலி அழகாகத் திரும்பியது.

மேனேஜர் கைதட்டினார். டைரக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கே, ‘நன்றாகத்தான் இறங்குகிறது’ என்று தோன்றியது. தோன்றியதை மறைத்துக்கொள்ளவும் இல்லை. “சுகமா இருக்குங்க” என்றாள் தலைவியிடம்.

“இப்ப ஆள் மாத்திக்கோங்க” என்றார் தலைவி.

பின்னால் அந்தப் பெண் வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சொன்னபடியே சாய்ந்தாள், இழுக்கவில்லை. “பயப்படாதீங்க மேடம், வந்துட்டோம்” என்று பேசிக்கொண்டே இறக்கினாள். மாப்பிள்ளை சொன்ன பாடத்தில் ஓர் எழுத்து பிசகவில்லை. அடுத்த திருப்பம். நாற்காலியின் பின்பாதி இன்னும் கடைசிப் படியில். பூட்டைத் தொட அவள் ஒரு கையை எடுத்தாள்.

எடுத்த கணம், மொத்த எடையும் அவளுடைய ஒற்றைக் கைக்குப் போனது. அந்தக் கை தாங்கவில்லை. நாற்காலி முன்பக்கமாகப் பாய்ந்தது. முன்னால் நின்ற லிஃப்ட் ஆபரேட்டர் சுவரோடு மோதினார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“விடாதீங்க!”

மாப்பிள்ளை எப்படி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் தோளைக் கொடுத்து நின்றார். சட்டை கிழிந்திருந்தது. நாற்காலி அப்படியே நின்றது.

அண்ணன் கீழே ஓடி வருவதற்குள் குட்டி ஓடி வந்திருந்தாள். புருஷனிடம் போகவில்லை. அண்ணியின் கையைப் பிடித்தாள். “ஒண்ணும் ஆகலையே? அண்ணி, என்னைப் பாருங்க. அடிபட்டுச்சா?”

“இல்ல குட்டி. முதல்ல அந்தப் பொண்ணைப் பாரு. நடுங்குறா.”

வக்கீல் மேல் படியிலிருந்தே குரல் கொடுத்தார். “இது தெளிவா தூக்கினவங்க தப்பு. பிடியை விட்டுட்டாங்க. எங்க பயிற்சியாளரையே கேளுங்க!”

மேனேஜர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. குட்டிக்கே புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண்ணுக்கும் அதனால் பெரிய நஷ்டமில்லை. அவள் வேலை வரவேற்பு மேசையில்தானே.

தலைவி கேட்டார். “சொல்லுங்க. அவங்க தப்பு பண்ணினாங்களா?”

மாப்பிள்ளை தோளைத் தேய்த்துக்கொண்டார். ஒரு தரம் குட்டியைப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றார். “நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செஞ்சாங்க. என்கிட்டக் கத்துக்கிட்டவங்கள்ல இவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சதில்ல. பூட்டணும்னா கையை எடுக்கணும். எடுத்தா பலசாலி தாங்குவார், மத்தவங்க கையில நழுவும். பயிற்சியால அதைச் சரிபண்ண முடியாது. பூட்டை மேல கொண்டுவந்தாத்தான் முடியும். வேலைக்குச் சேர்ந்ததும் இதைக் கம்பெனியில சொன்னேன். அப்புறம் பார்த்துக்கலாம்னாங்க.”

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றாள்.

தேநீர் இடைவேளை முடிந்து குழு திரும்ப உட்கார்ந்தபோது, முடிவு நீளமாக இல்லை. முறையீடு தள்ளுபடி. தேர்வு செல்லும். பிறகு தலைவி அண்ணியைப் பார்த்தார்.

“ஒருத்தருக்குக் காத்திருந்து இன்னொருத்தருக்குக் காத்திருக்காதது குறைதான். இனிமே எல்லாருக்கும் ஒரே நேரம்னு உங்க விதியில சேர்க்கணும்.”

“சேர்த்துடறேங்க.”

“தப்பை நீங்களே சொன்னதுக்குப் பாராட்டுவேன்னு எதிர்பார்க்காதீங்க. அது உங்க வேலை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா அந்த வேலையை முழுசாச் செய்யறவங்களை நான் அடிக்கடி பார்க்கிறதில்ல. அதையும் குறிப்புல எழுதச் சொல்லியிருக்கேன்.”

அண்ணன் எழுந்து நின்றே கைதட்டிவிட்டார். இது கைதட்டுகிற இடமில்லை என்று ஊழியர் ஒருவர் சைகை காட்ட, உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம், “என் வீட்டம்மா” என்றார். யாரென்று அவர் கேட்கவே இல்லை. மறுபக்கம் இருந்தவரிடமும் சொன்னார்.

வெளியே வந்தபோது டைரக்டர் அண்ணியிடம், “இன்னொரு தரம் இப்படிப் பண்றதா இருந்தா, முன்கூட்டியே சொல்லிடுங்க. எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு” என்றார். ஆனால் அவர் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. எதிரே வந்தவர்களிடமெல்லாம், “நம்ம ஆபீஸ்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

கார் நிறுத்துமிடத்தில் மூன்று பேரும் மாப்பிள்ளைக்காக நின்றார்கள். மேனேஜர் அவரிடம் ஏதோ பேசுவது தூரத்தில் தெரிந்தது. மாப்பிள்ளை கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

“போச்சு” என்றார் அண்ணன்.

அண்ணி குட்டியைப் பார்க்கத் தயங்கினாள். “குட்டி, இப்படி ஆகும்னு நான்...”

“அண்ணி, பேசாதீங்க.” குட்டியின் கண்ணில் தண்ணீர் நின்றது, முகமோ சிரித்தது. “அந்தப் படியில எல்லார் முன்னாலயும், இவர் என் வீட்டுக்காரர்னு கத்தணும் போல இருந்துச்சு. எப்படித்தான் அடக்கினேனோ! நீங்க அந்த நாற்காலியில போய் உக்காந்தீங்களே, அப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. என் அண்ணின்னு. வாசல்ல நின்னு நான் என்னென்னவோ பேசினேன்...”

“அது வேற நாள்” என்றாள் அண்ணி. “பாதியில எழுந்து போனியே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.”

குட்டி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கிழிந்த சட்டையோடு வந்துகொண்டிருந்தார். வழியில் ஒருவர் அவரை நிறுத்தினார். நரைத்த மீசை, நல்ல கோட்டு. அண்ணிக்கு அவரைத் தெரியும். டெண்டரை ஜெயித்த கம்பெனியின் முதலாளி; விசாரணையைப் பார்க்க வந்திருந்தார். கை குலுக்கினார், ஒரு கார்டைக் கொடுத்தார், தோளில் தட்டினார்.

மாப்பிள்ளை வந்து காரில் ஏறும் முன்பே சொன்னார்: “வேலை போயிடுச்சு. இன்னொண்ணு வந்திருக்கு. உங்களை மாதிரி ஆள்தான் வேணும், தலைமைப் பயிற்சியாளரா வந்துடுங்கன்னு சொல்றார்.”

“நிஜமாவா?” குட்டி குதித்தேவிட்டாள். “அண்ணா, கேட்டியா? தலைமைப் பயிற்சியாளர்! அண்ணி...”

அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தேய்ந்தது.

“என்ன அண்ணி? கூடாதா?”

“கூடாதுன்னு சொல்ல நான் யாரு? அவர் திறமைக்கு வந்த வேலை.” அண்ணி ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பேசினாள். “ஆனா இன்னிக்கு அவர் சொன்ன பதிலாலதான் அந்தக் கம்பெனி தப்பிச்சது. நாளைக்கே அங்க சேர்ந்தா, அதுக்காகத்தான் சொன்னார்னு ஊர் பேசும். அது ஒண்ணு. இன்னொண்ணு, அவர் அங்க சேர்ந்தா இந்த வேலையில நான் இருக்க முடியாது. அன்னிக்கே டைரக்டர்கிட்டச் சொல்லி விலகிடுவேன்.”

“விலகிட்டா? நாற்காலியெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்கா வருதான்னு யார் பார்ப்பா?”

“வேற யாராவது பார்ப்பாங்க.” சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தாள். அவள் நின்று பார்த்த வார்டுகள், அலைந்து தேர்ந்தெடுத்த நாற்காலிகள். குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று. அண்ணன் அதைக் கவனித்தார்.

“யோசிக்க ஒரு வாரம் கேட்டேன்” என்றார் மாப்பிள்ளை. “அவர் நாளைக்குக் காலைல பதில் வேணும்கிறார்.”

அண்ணன் கார்ச் சாவியை இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

குட்டிதான் கதவைத் திறந்து அண்ணியை முன் இருக்கையில் உட்கார வைத்தாள். தானும் புருஷனும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

“நாளைக்கு விஷயம் நாளைக்கு” என்றாள். “எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம். வேலையைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது. இன்னிக்கு எனக்குப் பெருமைப்படறதுக்கு மட்டும்தான் நேரம் இருக்கு.”

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். குட்டி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, படிக்கட்டுக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டுவந்தாள்.

மாப்பிள்ளை மட்டும் கார்டைப் பையில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணியின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.